பாவு பிணைக்கும் இடம்: நெல்லைச் சீமையின் தறியும் சாயமும்

வீரவநல்லூரில் ஒரு குழித்தறியில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், தீரும் நிலைக்கு வந்தால், நெசவாளர் அதைக் கடைசி இழை வரை நெய்து முடித்துவிடுவதில்லை. இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சுக்கும், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுக்கும் பின்னால் ஒரு முழம் அளவுக்குப் பழைய பாவை விட்டுவைத்து, புதிய பாவைக் கொண்டுவந்து, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புதிய இழை ஒன்றின் நுனியைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்குகிறார்கள். ஒரு சேலைப் பாவில் மூவாயிரம், நாலாயிரம் இழைகள் இருக்கும். அத்தனையையும் முறுக்கி முடித்த பிறகு பழைய பாவைப் பிடித்து மெல்ல இழுத்தால், புதிய இழைகள் விழுதின் கண்கள் வழியாகவும் அச்சின் பற்கள் வழியாகவும் வரிசை பிசகாமல் வந்து சேரும். இதற்குப் பாவு பிணைத்தல் என்று பெயர். எச்சத்தை வெட்டி எறிந்துவிட்டால் நாலாயிரம் இழைகளையும் மறுபடி ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டியிருக்கும். எந்த இழை எந்தக் கண்ணில் போக வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அந்த ஒரு முழத்தில்தான் தங்கியிருக்கிறது.

கைத்தறியையும் இயற்கைச் சாயத்தையும் தம் கலைக்கு மூலமாகக் கொள்ள விரும்பும் ஒரு துணிக்கலைஞர் நெல்லைச் சீமைக்கு வந்தால், அவருக்கு இங்கே என்ன கிடைக்கும் என்ற கேள்வியை இந்தப் பிணைப்பிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் இந்த வட்டாரத்தில் தறி இன்னும் எச்சத்தோடு இருக்கிறது, சாயம் எச்சமில்லாமல் அறுந்துவிட்டது. தறியில் வேலை செய்யும் கைகள் தலைமுறை தலைமுறையாக இடைவெளியில்லாமல் தொடர்ந்து வந்தவை. அந்தக் கைகளுக்கு வந்து சேரும் நிறமோ 100 ஆண்டுகளுக்கும் மேலாகக் கடையில் வாங்கியது. இரண்டையும் ‘நம் மரபு’ என்று ஒரே சொல்லால் குறிப்பிடும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

மரபிலிருந்து எடுத்துக்கொள்வது என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது உருவங்கள்தான். நெல்லையப்பர் கோயில் தூண், யாளி, கோபுரக் கரை, மயில், அன்னம் ஆகியவற்றைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றித் துணியில் அச்சிட்டால் அதற்கு மரபுசார் வடிவமைப்பு என்று பெயர் கிடைத்துவிடுகிறது. அதில் குற்றமில்லை, ஆனால் அதற்குத் தறியும் தேவையில்லை, தறிக்காரரும் தேவையில்லை. நெசவின் மரபு உருவத்தில் இருப்பதைவிடச் செய்முறையின் வரிசையில் இருக்கிறது: எதை எத்தனை நாள் ஊறப்போடுவது, எந்த இழையைத் தூக்கி எதை விடுவது, எந்த வெயிலில் எவ்வளவு நேரம் உலர்த்துவது என்ற வரிசை அது.

ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் நெசவு பயின்று, 1933-இல் அமெரிக்காவுக்குச் சென்ற ஆனி ஆல்பர்ஸ் இதை நன்கு உணர்ந்திருந்தார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1949-இல் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. ஒரு துணிக்கலைஞருக்கு அங்கே கிடைத்த முதல் தனிக் கண்காட்சி அது. பின்னாளில் நெசவைப் பற்றி எழுதிய நூலை அவர் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களைத் தம் ஆசிரியர்கள் என்று சொல்லி அவர்களுக்கே காணிக்கையாக்கினார். அவர்களிடமிருந்து அவர் கற்றது குறுக்கே ஓடும் ஊடும் நீளவாக்கில் நிற்கும் பாவும் ஒன்றையொன்று தாண்டும் முறையை. பம்பாயில் பிறந்த மோனிகா கொரியா வேறு வழியில் போனார். நெய்துகொண்டிருக்கும்போதே அச்சைக் கழற்றிவிட்டு, அதுவரை ஒழுங்காக நின்ற பாவு இழைகளைத் தம் போக்கில் வளைந்து செல்ல விட்டார். அச்சு என்ன வேலை செய்கிறது என்பதை உள்ளங்கை போல அறிந்தவருக்கே அதைக் கழற்றத் துணிவு வரும். நெல்லைக்கு வரும் கலைஞரும் அச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வீரவநல்லூரின் சௌராஷ்டிர நெசவாளர்கள் நெய்யும் செடிபுட்டாச் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்தியும் செயற்கைப் பட்டும் கலந்த சேலை அது. பெயரே வடிவத்தைச் சொல்லிவிடுகிறது: கிளையும் இலையும் பூவுமாக ஒரு சிறு செடி, உடலெங்கும் இடைவெளி விட்டு வரும் புட்டா. தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது ஊசியால் தைத்த பூவேலை போலத் தெரியும். அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான் ஊடை நூலைச் சுமக்கும் நாடா ஒருமுறை ஓடி நின்றதும், செடி வரவேண்டிய இடத்தில் நெசவாளர் தனி நூலைக் கையால் பாவுக்குள் கோத்து வாங்குவதும், பிறகு மிதியை மாற்றி மீண்டும் நாடாவை ஓட்டுவதும் தெரியும். ஒரு புட்டாவின் உயரம் எத்தனை ஊடையோ அத்தனை முறை இது நடக்க வேண்டும். வேகத்துக்கு வழியில்லாத வேலை. ஆகவே செடியின் தண்டு எந்தப் பக்கம் சாய்கிறது, இலை எத்தனை இழைக்கு அகலும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அதிகாரம் கொஞ்சமேனும் நெய்பவரின் விரலிடம் இருக்கிறது. கலைஞர் ஒருவர் இங்கே கற்றுக்கொள்வதற்கு உரியது அந்த அதிகாரம்தான். செடியின் படத்தை யாரும் வரைந்துகொண்டு போகலாம்.

அதே சாலையில் திருநெல்வேலியை நோக்கி வந்தால் சேரன்மகாதேவியைத் தாண்டிப் பத்தமடை. கோரைப்பாயைத் துணிக்கலையில் சேர்ப்பதா என்று சிலர் தயங்குவார்கள். பத்தமடைப் பாயைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இருக்காது. மிக நுண்ணிய பட்டுப்பாயைத் துணிபோல மடித்து வைத்துக்கொள்ளலாம். பாவு பருத்தி நூல், ஊடை தாமிரபரணிக் கரையில் விளையும் கோரை. பச்சையாக அறுத்த கோரையைக் கீறி, வெயிலில் காயவைத்து, நுண்ணிய பாய்க்கென்றால் ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறிப் பருத்து ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும் அதை மறுபடியும் உலர்த்தி, மேலும் மெல்லியதாகக் கீறி எடுக்கிறார்கள். தேங்கிய நீரில் போட்டால் அழுகும். ஓடும் நீர் வேண்டும். ஆறு ஓடாத ஆண்டில் நல்ல பாய் கிடையாது என்பது இதன் நேரடிப் பொருள்.

தறி தரையோடு தரையாகக் கட்டியது. துளையிட்ட மரக்கட்டைதான் அச்சு. அதை முன்னும் பின்னும் சாய்த்தால் பாவு மேலும் கீழுமாகப் பிரிகிறது, பிரிந்த இடைவெளியில் கோரையை ஒரு குச்சியின் துணையால் நுழைத்து, அதே கட்டையால் இறுக்குகிறார்கள். நெருக்கத்தைக் ‘கணக்கு’ என்ற அளவால் சொல்வார்கள். பட்டுப்பாய் 100 முதல் 140 கணக்கு வரை போகும். கோரைத் தண்டின் நீளம் பாயின் அகலத்துக்கு ஓர் எல்லை போட்டுவிடுகிறது, நூல்போல அதை நாடாவுக்குள் வைக்கும் தாரில் முடிவில்லாமல் சுற்றிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு தண்டுக்கும் ஓர் அடிப்பக்கமும் ஒரு நுனிப்பக்கமும் உண்டு. அடியைத் தொடர்ந்து ஒரே பக்கமாக வைத்தால் பாய் ஒரு ஓரம் தடித்து வளைந்துவிடும் என்பதால் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரு பொருளின் இயல்பு வடிவத்தைத் தீர்மானிப்பது என்று கலைப்பள்ளிகளில் நீளமாகப் பேசப்படுவதைப் பத்தமடையின் லெப்பைப் பெண்கள் பேசாமலேயே செய்துவருகிறார்கள். 2012–13-ஆம் ஆண்டில் இந்தப் பாய்க்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

பாயின் சிவப்பு முன்பு சப்பங்கி மரத்தின் கட்டையிலிருந்து வந்தது. தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கு அதைப் பதிமுகம் என்று சொன்னால் உடனே விளங்கும்; மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஓட்டல்களில் குடிக்கத் தரும் இளஞ்சிவப்புத் தண்ணீர் அதைப் போட்டுக் கொதிக்கவைத்ததுதான். படிகாரத்தோடு சேர்ந்தால் அது நல்ல சிவப்பாகப் பிடிக்கும். ஆனால் வெயிலுக்குத் தாங்காது. ஒரு கோடையில் நானே சப்பங்கியில் தோய்த்த ஒரு கட்டுக் கோரையை மொட்டைமாடியில் காயப்போட்டு, மறதியால் நாலைந்து நாள் விட்டுவிட்டேன். போய்ப் பார்த்தபோது மேலே இருந்த கோரை பழைய செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கட்டின் அடியில் இருந்தவை மட்டும் தோய்த்த அன்றைய நிறத்திலேயே இருந்தன. இயற்கைச் சாயம் என்ற சொல்லே ஒரு சான்றிதழ் என்று நம்புகிறவர்களுக்கு அந்தக் கட்டைத்தான் காட்ட வேண்டும். பட்டுப்பாய்களை விருந்தாளிக்கு விரித்துவிட்டு உடனே சுருட்டிப் பெட்டியில் வைத்ததற்கு மரியாதை மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

வெயிலுக்குத் தாங்கும் சிவப்பும் இந்தச் சீமையில் இருந்தது. அது சாயவேர். கடலோர மணலில் தானாக முளைக்கும் சிறு செடி; மேலே பார்த்தால் பொருட்படுத்தத் தோன்றாது, சத்தெல்லாம் நீண்டு இறங்கும் மெல்லிய வேரின் பட்டையில் இருக்கிறது. அதில் இருக்கும் அலிசரின் என்ற நிறப்பொருள்தான் ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனத்துச் செடியிலிருந்து எடுக்கப்பட்ட சிவப்புக்கும் மூலம். பருத்தி நூல் இந்தச் சிவப்பை நேரடியாக வாங்கிக்கொள்ளாது என்பதால், தமிழ்நாட்டின் தென்பகுதியில் சாயக்காரர்கள், குறிப்பாக மதுரையின் சௌராஷ்டிரச் சாயக்காரர்கள், நீண்ட ஒரு முறையைக் கையாண்டார்கள். உப்பளங்களின் ஓரத்தில் வளரும் உமரிச் செடியை எரித்து, சாம்பலைக் கரைத்துத் தெளிவெடுத்து, அதில் நல்லெண்ணெயைக் கலந்தால் பால்போல வெளுத்த கலவை ஒன்று கிடைக்கும். நூல் கழிகளை, அதாவது சுற்றிக் கட்டிய நூல் கட்டுகளை, அதில் தோய்ப்பதும் வெயிலில் உலர்த்துவதும் நாள்தோறும் திரும்பத் திரும்ப நடக்கும். எண்ணெய் இழையோடு முழுவதும் ஒன்றிய பிறகே சாயவேர்த் தொட்டிக்கு நூல் போகும். உடன் காயா இலையையும் இடிப்பார்கள். திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்லும் நீலப்பூ பூக்கும் அதே காயாதான். அதன் இலையில் அலுமினியம் மிகுதியாகச் சேர்வதால் நிறத்தை இழையில் பிடித்துவைக்கப் படிகாரம் செய்யும் வேலையை இலையே செய்துவிடுகிறது. அலுமினியம் என்ற தனிமத்தின் பெயரைக் கேட்டிராதவர்கள் எந்தச் செடியில் அது இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

அலிசரின் உறுதியாக நிற்பதற்கு அலுமினியத்தோடு சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். இன்ன ஊர்த் தண்ணீரில்தான் சிவப்பு ஏறும் என்று சாயக்காரர்கள் பிடிவாதமாகச் சொன்னதற்கு, மதுரையில் வைகைத் தண்ணீரைக் காரணமாகச் சொன்னது உட்பட, இப்படி ஓர் அடிப்படை இருக்கிறது. நெல்லைச் சீமையை ஐந்திணையும் சேர்ந்த நாடு என்று நாம் பெருமை பேசுவது வழக்கம். அந்தப் பெருமைக்குச் சாயக்காரரின் கணக்கில் நேரான பயன் உண்டு. கடற்கரை சாயவேரையும் உமரியையும் கிளிஞ்சல் சுண்ணாம்பையும் தருகிறது, மேற்கு மலை கடுக்காயைத் தருகிறது, கரிசல் பருத்தியைத் தருகிறது. கரிசல் காட்டில் யாரும் கவனிக்காமல் நிற்கும் மஞ்சணத்தியும் ஒரு சாயமரம்தான். கட்டையை வெட்டினால் உள்ளே மஞ்சள் தெரியும், வேர்ப்பட்டை படிகாரத்தோடு சேர்ந்து சிவப்புத் தரும். தக்காணத்தில் ‘ஆல்’ என்ற பெயரில் பெரும் அளவில் வணிகமான சாயம் இதே இனத்து மரத்தினுடையது. நம் ஊர்ப்பக்கம் மஞ்சணத்தியை நுகத்தடிக்கும் விறகுக்கும் வெட்டியதே அதிகம்.

1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் நாட்டம் கொண்டதற்கு முத்து மட்டும் காரணமில்லை, துணியும் காரணம். ஐரோப்பியருக்கு வியப்பளித்தது, துவைத்தாலும் போகாத நிறம். அந்த வியப்பை அவர்கள் நெடுநாள் வைத்துக்கொண்டிருக்கவில்லை. 1856-இல் இங்கிலாந்தில் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1868-இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் நிலக்கரித் தாரிலிருந்து அலிசரினையே செய்துவிட்டார்கள். இது முக்கியமான செய்தி: செயற்கை அலிசரின் வேறொரு சிவப்பு அன்று, சாயவேரில் இருக்கும் அதே பொருள்தான். ஆகவே தரக்குறைவு என்று சொல்லி அதைத் தள்ள வழியில்லை. வாரக்கணக்கில் செய்த வேலை ஒரு பொட்டலத்தில் வந்தபோது, 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சாயவேர் பெரும்பாலும் வழக்கொழிந்தது. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. தறிக்காரருக்கு இதனால் உடனடியாக இழப்பு ஏதும் இல்லை. நிறம் மலிவானது, வகைகள் பெருகின. இழந்தவர் சாயக்காரர். தறியோடு ஒட்டியிருந்த ஒரு தொழில் இப்படிச் சத்தமில்லாமல் கழன்று போனதால்தான், நெசவின் கதையைச் சொல்பவர்கள் பலருக்கு அது கழன்றதே தெரியாமல் போயிற்று.

நூலுக்கும் இதே காலத்தில் இதே கதி நேர்ந்தது. 1885-இல் ஹார்வி நிறுவனம் பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை தொடங்கியது. தூத்துக்குடியில் கோரல் ஆலை வந்தது, 1908-இல் வ.உ.சி. முன்னின்ற வேலைநிறுத்தத்தால் நம் வரலாற்றில் இடம்பெற்ற ஆலை அது. கரிசலில் விளைந்த உப்பமும் கருங்கண்ணியும் குட்டை இழைப் பருத்திகள், மானாவாரிக்கு ஏற்றவை, இராட்டையில் நூற்பதற்கு இணக்கமானவை. ஆலைக்கு நீண்ட இழை வேண்டும். கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியைப் பல பத்தாண்டுகள் தேர்ந்து மேம்படுத்திய பிறகும், நிலத்தில் அதன் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்று ‘உள்ளூர்ப் பருத்தியில் நெய்தது’ என்று ஒரு கலைஞர் எழுத விரும்பினால், அவர் முதலில் கருங்கண்ணி விதைக்கும் ஒரு சம்சாரியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

நீலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நீலச் சாயம் தரும் செடிக்குத் தமிழில் அவுரி என்றும் நீலி என்றும் பெயர். தூத்துக்குடி வணிகத்தில் ‘அவுரி இலை’ என்று மூட்டை மூட்டையாகக் கப்பலேறுவதோ நிலாவாரை. வயிற்றைக் கழியவைக்கும் மருந்து, உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயரையே தாங்கி நிற்பது. அதற்கும் நீலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீலம் செய்ய ஆசைப்பட்டு நாட்டுமருந்துக் கடையில் அவுரி கேட்டு வாங்கி, இரண்டு நாள் ஊறவைத்துப் பார்த்துப் பச்சைக் கஷாயம் மட்டுமே கண்டவர்கள் இருக்கிறார்கள். சாயத்துக்கான அவுரி இன்று திண்டிவனம் பக்கம் பயிராகிக் கட்டியாக வருகிறது.

கட்டியாக வரும் நீலம் தண்ணீரில் கரையாது. அதைக் கரையச் செய்வதே இந்தக் கலையின் மையம். பழைய முறையில் தகரை விதையை வேகவைத்து, அரைத்த நீலத்தோடும் சுண்ணாம்புத் தெளிவோடும் தாழியில் சேர்த்து மூடிவிடுவார்கள். புளிப்பேறும்போது நுண்ணுயிர்கள் நீலத்திலிருந்து உயிர்வளியைப் பறித்துவிடுகின்றன, சுண்ணாம்பு அதைக் கரைத்து வைத்துக்கொள்கிறது. சரியாகப் பிடித்த தாழியை நிறம் பார்த்தே சொல்லலாம்: மேலே செம்பு மின்னும் ஒரு படலம், நடுவில் நீல நுரை, அதை விலக்கினால் உள்ளே நீலமே இல்லாத மஞ்சள்பச்சைத் தண்ணீர். நனைத்த நூல் கழியைக் காற்றுக் குமிழி புகாமல் மெல்ல இறக்கி, சில நிமிடம் நீருக்குள்ளேயே பிரித்துப் பிரித்து விட்டு, தாழியின் விளிம்புக்குக் கீழேயே பிழிந்து வெளியே எடுத்தால் வாழைக்குருத்து நிறத்தில் வருகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து தொடங்கி இலைப்பச்சையாகி, கடல்பச்சையாகி, நீலமாகிவிடுகிறது. பறித்ததைக் காற்று திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆழ்ந்த நீலத்துக்கு இப்படிப் பலமுறை. ஒரே முழுக்கில் கனமாக ஏற்றினால் கையில் ஒட்டும், துவைக்கையில் போகும்.

தாழிக்குப் பசி உண்டு. சுண்ணாம்பு குறைந்தால் புளித்துச் செத்துப்போகும், கூடினால் உறங்கிவிடும். சோர்ந்த தாழிக்கு இனிப்புக் கொடுத்து எழுப்ப வேண்டும். இந்த வட்டாரத்தில் அதற்கு வெளியே போய் வாங்க வேண்டிய தேவை இல்லை: உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி போதும். விலை உயர்ந்த கருப்பட்டியைச் சாயத்தில் போடுவதா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், உடைந்த கருப்பட்டியாக வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் கற்றுக்கொண்டு அறுந்த சாயத்தைத் தறியோடு மீண்டும் பிணைக்க முனையும் கலைஞருக்கு முதலில் தடையாக நிற்பது தறிக்காரரின் பழகிய கணக்கு. கடைச் சாயம் ஏறிய நூல் எல்லாக் கழியிலும் ஒரே நிறம், ஒரே விறைப்பு. சாயவேரில் எண்ணெய் ஏறிய நூல் வழுக்கும், கஞ்சி பிடிக்கச் சற்று அடம்பிடிக்கும். அன்னபேதி என்ற இரும்பு உப்பால் கருமை ஏற்றிய நூல் அளவு மிஞ்சினால் நாளடைவில் மக்கி இற்றுப்போகும். பாவு அறுந்தால் இழப்பு நெசவாளருக்கு, ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் கூலி நெய்த அளவுக்குத்தான். ஒரு மாதத்துக்கு இரண்டு சேலை குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் ‘மரபுக்குத் திரும்புங்கள்’ என்று சொல்வது எளிது. மேலப்பாளையத்திலும் மற்ற தறி ஊர்களிலும் தறி இருந்த முற்றத்தில் இன்று பீடிச் சுளகு இருப்பதற்கு யாருடைய ரசனைக் குறைவும் காரணமில்லை. நெசவாளர் புதுநூலுக்குத் தயங்கும்போது அந்தத் தயக்கத்தைப் பழமைப் பிடிப்பு என்று எழுதுகிறவர்கள் அவருடைய கூலிச் சீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இயற்கைச் சாயத்தின் தூய்மை பற்றியும் கொஞ்சம் நிதானம் தேவை. அசோ என்ற வகையைச் சேர்ந்த சில செயற்கைச் சாயங்கள் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களாகப் பிரிவதால் ஜெர்மனி 1994-இலும் இந்தியா 1997-இலும் அவற்றைத் தடை செய்தன. இயற்கைச் சாயத்தின்மீது உலகச் சந்தைக்குப் புதிய ஆர்வம் வந்ததில் அதற்குப் பங்குண்டு. ஆனால் வேரைப் பிடுங்கினால் செடி சாகும். காட்டுச் சாயவேரை மட்டும் நம்பி ஒரு விற்பனை வரிசையைத் தொடங்கினால், அது விற்பனையாகும் வேகத்திலேயே கடலோர மணலில் செடி தீர்ந்துவிடும். அலசுவதற்கும் நிறைய நீர் செலவாகும். ஆகவே இந்தச் சாயங்கள் சிறிய அளவுக்கே பொருந்துபவை. கலைஞருக்கு அது குறையாக இருக்கத் தேவையில்லை. சந்தைக்கு 500 சேலை ஒரே நிறத்தில் வேண்டும். கலைஞருக்கு ஒரே துணி போதும், அதில் கழிக்குக் கழி நிறம் வேறுபட்டால் அந்த வேறுபாட்டையே வரிசைப்படுத்தி நெய்யலாம். வெளிறியதிலிருந்து ஆழ்ந்ததுவரை ஒரு தாழியின் வாழ்நாள் முழுவதையும் ஒரு பாவில் பார்க்க முடியும்.

இப்படிச் சோதனை செய்பவர்கள் குறிப்பேடு வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்பு தமிழில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. எத்தனை பலம் வேர், எந்தக் கிணற்றுத் தண்ணீர், ஐப்பசியா வைகாசியா, எத்தனை முழுக்கு என்பதை ஒரு சாண் நூலை ஒட்டிவைத்து எழுதினால், அடுத்த முறை நெசவாளரே அதைப் புரட்டிப் பார்த்து ‘இந்த நூலைக் கொடுங்க’ என்று கேட்க முடியும். ஆங்கிலத்தில் எழுதி நகரத்துக்கு எடுத்துச் சென்ற குறிப்புகள் அந்தத் தறிக்குத் திரும்பி வந்ததாக நான் பார்த்ததில்லை.

கடைசியாகப் பெயர் பற்றிய பேச்சு. கண்காட்சிச் சுவரில் கலைஞரின் பெயர் பெரிதாக இருக்கும். கீழே சிறிய எழுத்தில் ‘உள்ளூர்க் கைவினைஞர்களின் உதவியுடன்’ என்று இருக்கும். நான் பார்த்த ஒரு கண்காட்சியில் சேலையின் உடலில் கோத்த புட்டாவுக்கு விளக்கம் ஒன்றரைப் பத்தி இருந்தது, கோத்தவர் பெயர் இல்லை. புவிசார் குறியீடும் இதைத் தீர்ப்பதில்லை. அது ஊரின் பெயரைக் காக்கிறது, ஆளின் பெயரை அல்ல. ஒரு துணியின் எண்ணம் கலைஞருடையதாக இருக்கலாம். பாவு ஓட்டியவர், தார் சுற்றியவர், சாயம் ஏற்றியவர், நெய்தவர் என்று நால்வர் கை அதில் இருக்கிறது, எண்ணம் பாதிவழியில் மாறுவதும் பெரும்பாலும் இவர்கள் சொல்லித்தான்.

பத்தமடையில் திருமணத்துக்கென்று நெய்யும் பாய்களில் மணமக்களின் பெயரை எழுத்தெழுத்தாக நெய்து தருவது வழக்கம். கோரையில் எழுத்து வளைவது கடினம் என்பதால் ‘ழ’வும் ‘ஷ’வும் வரும் பெயர்கள் அதிக வேலை வாங்கும். நெய்தவரின் பெயர் அந்தப் பாயில் எங்கும் வராது. சாயவேர்ச் சிவப்பில் சோதனையாக ஒரு சிறு பாய் நெய்துகொண்டிருந்த ஓர் அம்மாவிடம், உடன் வேலை செய்த கலைஞர், ஓரத்தில் உங்கள் பெயரையும் போட்டுவிடுங்கள் என்று கேட்டார். அந்த அம்மா குச்சியைக் கீழே வைக்கவில்லை. நெய்த பகுதியின் ஓரத்தை விரலால் அளந்து பார்த்துவிட்டு, “எம் பேரு எத்தனை கோரைக்கு வரும்னு முதல்ல கணக்குப் போடணும்மா” என்றார்.